வேலூர்ல எரிநட்சத்திரம்: எந்த ராத்திரி, எங்க படுத்துக்கிட்டு பாக்கணும்?

சார், உங்க கேள்விய ரெண்டு வாட்டி படிச்சேன். போன டிசம்பர் 14ஆம் தேதி மணிக்கு 150 எரிநட்சத்திரம் விழும்னு நியூஸ்ல சொன்னாங்க, நீங்களும் எட்டாவது படிக்கிற உங்க பொண்ணும் சத்துவாச்சாரியில வீட்டு மொட்டமாடியில ராத்திரி எட்டுலேர்ந்து பத்து வரைக்கும் நின்னீங்க, ரெண்டு மணி நேரத்துல மொத்தமே ஒண்ணு, அதையும் பொண்ணுதான் பாத்துச்சு நீங்க பாக்கல, அடுத்த தடவ எப்போ எங்க போகணும், ஏலகிரி மலையா காவலூர் அப்சர்வேட்டரியா, டெலஸ்கோப் வாங்கணுமா, இதான் நீங்க எழுதினது. மேலாக பாத்தா தேதியும் எடமும் கேக்குற மாதிரி இருக்கு. ஆனா நீங்க உண்மையில கேக்குறது அந்த 150 எங்க போச்சுன்னுதான், இன்னொரு தடவ பொண்ண நடுராத்திரி எழுப்பி கூட்டிட்டு போனா அது ஏமாறாம இருக்குமான்னுதான். அதனால தேதிய கடைசியில சொல்றேன், மொதல்ல அந்த 150 கணக்க பாத்துடலாம், அது புரிஞ்சா தேதி எடம் எல்லாத்தையும் நீங்களே முடிவு பண்ணிடுவீங்க.

நான் வான ஆராய்ச்சி பண்றவன் இல்ல, அத முன்னாடியே சொல்லிடுறேன். ஆலங்காயம் பக்கம் மேல்நிலைப் பள்ளியில 27 வருஷம் பிசிக்ஸ் வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவன், வருஷா வருஷம் டிசம்பர்ல பசங்கள கொல்லையில பாய் போட்டு படுக்க வெச்சு எண்ண சொல்லி நோட்டுல எழுதி வெச்ச பழக்கம் உண்டு, அவ்ளோதான். இதுல கணக்கு, தேதி, எங்கேர்ந்து வருது இதெல்லாம் உலகம் பூரா ஒத்துக்கிட்ட விஷயம். மேகம், பனி, எந்த எடம் நல்லா இருக்கும்னு சொல்றது என் கண்ணால பாத்த அனுபவம். ரெண்டையும் தனித்தனியா எடுத்துக்கோங்க.

150ன்னு சொன்னது பொய் இல்ல. ஆனா அது ஒரு கற்பனை ஆளுக்கான எண்ணிக்க. அந்த ஆளுக்கு மேல வானம் சுத்தமா இருக்கணும், நிலா இருக்கக்கூடாது, கண்ணால பாக்க முடிஞ்ச மங்கலான நட்சத்திரம் வரைக்கும், அதாவது 6.5 மேக்னிட்யூட் வரைக்கும் (நட்சத்திர வெளிச்சத்துக்கான அளவு, எண் ஏற ஏற மங்கல்) தெரியணும், அதுக்கு மேல எரிநட்சத்திரம் பொறப்படுற மாதிரி தெரியுற எடம் சரியா தல உச்சியில இருக்கணும். இந்த எடத்த ரேடியன்ட்னு சொல்வாங்க. காட்பாடி ஜங்ஷன் மேம்பாலத்துல நின்னு தண்டவாளத்த பாத்திருப்பீங்க, தூரத்துல எல்லாம் ஒரே புள்ளியில சேர்ந்து நம்மகிட்ட வர வர விரியுற மாதிரி தெரியும், ஆனா நெஜத்துல எல்லாம் பக்கம் பக்கமா நேராத்தான் போகுது. எரிநட்சத்திரமும் அதே மாதிரி, ஒரே தெசையில பக்கம் பக்கமா வர்ற துகள்ங்க, நமக்கு ஒரு புள்ளியிலேர்ந்து விரியுற மாதிரி தெரியுது. அந்தப் புள்ளி எவ்ளோ ஒசரத்துல இருக்கோ அவ்ளோ எண்ணிக்க. அடிவானத்துல இருந்தா கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல, 30 டிகிரி ஏறினா பாதி, உச்சிக்கு வந்தா முழுசு.

இப்போ உங்க மொட்டமாடிக்கு வருவோம். டிசம்பர்ல இப்படி எரிநட்சத்திரம் கூட்டமா விழுறத எரிநட்சத்திர மழைன்னு சொல்வாங்க, இந்த மழைக்கு பேரு ஜெமினிட்ஸ், அதோட ரேடியன்ட் மிதுன ராசியில இருக்கு, நம்ம புனர்பூசம் நட்சத்திரம் இருக்கே அந்த ரெட்டை நட்சத்திரத்துக்கு பக்கத்துல. டிசம்பர் நடுவுல வேலூர்ல அது உதிக்கிறதே ராத்திரி ஏழரை மணி சுமாருக்கு வடகிழக்குல. ஒம்பது மணிக்கு 17 டிகிரி ஒசரம்தான் ஏறியிருக்கும், அதனால 150ங்கிறது அங்கயே 45க்கு கொறஞ்சிடுது. அடுத்தது வெளிச்சம். டவுனுக்குள்ள தெரு லைட்டு, ஹைவே லைட்டு எல்லாம் சேந்து 4 மேக்னிட்யூட் நட்சத்திரம் தெரிஞ்சாலே பெருசு, 6.5க்கும் 4க்கும் ரெண்டரை வித்தியாசம், ஒவ்வொரு மேக்னிட்யூடு கொறயும்போதும் எண்ணிக்க சுமார் ரெண்டரை மடங்கு கொறையும், ஆக பத்துல ஒரு பங்குதான் மிச்சம், 45 போய் நாலு அஞ்சு ஆச்சு. தண்ணி டேங்க், பக்கத்து வீட்டு சுவரு, படிக்கட்டு ரூம் இதெல்லாம் பாதி வானத்த மறைச்சா ரெண்டு. நடுவுல போன எடுத்து மணி பாத்தீங்கன்னா, பொண்ணுகிட்ட பேசிக்கிட்டு குனிஞ்சீங்கன்னா, மணிக்கு ஒண்ணு தெரியுறதே சந்தேகம். உங்க பொண்ணு சரியாத்தான் பாத்திருக்கு, அன்னிக்கு அந்த மாடியில தெரிய வேண்டியது அவ்ளோதான். நீங்க ஏமாந்தது வானத்துகிட்ட இல்ல, அந்த நம்பர விளக்கம் சொல்லாம போட்டவங்ககிட்ட.

அதே ராத்திரி அதே மிதுனம் ரெண்டு மணி சுமாருக்கு 70 டிகிரி ஒசரத்துக்கு வந்துடும், கிட்டத்தட்ட தலைக்கு மேல. இருட்டான கொல்லையில நிலா இல்லாம இருந்தா அப்போ ஒரு ஆளுக்கு மணிக்கு 60லேர்ந்து 90 வரைக்கும் தெரியலாம்னு கணக்கு வரும். 2012 டிசம்பர் 13 சரியா அமாவாசை, அன்னிக்கு ராத்திரி ஒரு மணிலேர்ந்து ரெண்டு வரைக்கும் நான் எண்ணினது 64, என் நோட்டுல இருக்கு, என்கூட படுத்திருந்த பதினொண்ணாவது பசங்கள்ல ஒருத்தன் 70க்கு மேல எண்ணினான், அவன் கண்ணு என்னோடத விட நல்ல கண்ணு. சத்துவாச்சாரியில எட்டுலேர்ந்து பத்துக்குள்ள ஒண்ணு, மலையடிவாரத்துல நடுராத்திரி தாண்டி ஒரே மணி நேரத்துல 64, ரெண்டுமே ஒரே மழைதான்.

உங்க பொண்ணு கேட்டுச்சுன்னு எழுதியிருந்தீங்களே, இவ்ளோ விழுந்தா வானத்துல நட்சத்திரம் தீந்துடாதான்னு, எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி அது. விழுறது நட்சத்திரமே இல்ல பாப்பாகிட்ட சொல்லுங்க, மணல் அளவுலேர்ந்து பட்டாணி அளவு வரைக்கும் இருக்குற துகள். வால் நட்சத்திரமோ சிறுகோளோ சூரியன சுத்தி வரும்போது வழியெல்லாம் தூசிய விட்டுட்டு போகும், லாரி மண்ணு ஏத்திக்கிட்டு போனா ரோடு பூரா சிந்துற மாதிரி. பூமி வருஷத்துக்கு ஒரு தடவ அந்த வழிய குறுக்க கடக்குது, அதனாலதான் தேதி மாறாம வருது. அந்தத் துகள் செகண்டுக்கு 35 கிலோமீட்டர் வேகத்துல வந்து காத்துல மோதி சுமார் 100 கிலோமீட்டர் ஒசரத்துல எரிஞ்சு போகுது, அந்த கோடுதான் நாம பாக்குறது. வானத்துல இருக்குற நட்சத்திரம் ஒண்ணு கூட கொறையாது.

ஜெமினிட்ஸ்ல ஒரு விசேஷம், அத விட்டுட்டு போக மனசு வரல. மத்த மழைங்க பெரும்பாலும் வால் நட்சத்திரத்தோட தூசி. இது ஃபேத்தான்னு ஒரு சிறுகோளோடது, அஞ்சாறு கிலோமீட்டர் குறுக்களவு உள்ள ஒரு பாறை, 1983ல ஒரு சாட்டிலைட் மூலமா கண்டுபிடிச்சாங்க, ஒண்ணரை வருஷத்துக்கு உள்ளாகவே ஒரு சுத்து முடிக்குது, புதன் கிரகத்த விட சூரியனுக்கு கிட்ட போயிட்டு வருது. பாறை எப்படி இவ்ளோ தூசி விடும்? இதுக்கு இன்னும் முடிவான பதில் இல்ல. சூரியன் கிட்ட போகும்போது சூடு தாங்காம மேல்தோல் வெடிச்சு பொடியாகுதுன்னு ஒரு கருத்து, நம்ம வேலூர் மொட்டப் பாறை மலைங்க சித்திரை வெயில்ல காஞ்சு ஏடு ஏடா பேந்து வர்றத பாத்தவங்களுக்கு அது நம்புற மாதிரிதான் இருக்கும், ஆனா அது மட்டும் இவ்ளோ தூசிக்கு பத்தாது, முன்ன ஒரு காலத்துல பெருசா ஏதோ ஒடஞ்சிருக்கணும்னு வேற சிலர் சொல்றாங்க. இதுல எது சரின்னு அடிச்சு சொல்ல முடியாது. நிச்சயமா சொல்லக்கூடியது என்னன்னா, 1860கள்ல மொதல்ல கவனிச்சப்போ மணிக்கு பத்து இருபதுன்னு இருந்த மழை இன்னிக்கு வருஷத்துலயே பெரிய மழையா வளந்திருக்கு, அந்தத் துகள்ங்க கொஞ்சம் கெட்டி, வேகமும் கொறைவு, அதனால கோடு நிதானமா, பளிச்சுன்னு, சில சமயம் மஞ்சளா வரும், கொழந்தைங்க கூட தவற விடாது.

அப்போ தேதிக்கு வருவோம். நம்ம ஊருக்கு வருஷத்துல ஒரு ராத்திரி மட்டும் முழிக்க முடியும்னா அது டிசம்பர் 13, 14. கார்த்திகை முடிஞ்சு மார்கழி பொறக்க ரெண்டு மூணு நாள் இருக்கும்போதுன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க, தேதி மறந்தாலும் இது மறக்காது. 2026ல டிசம்பர் 9 அமாவாசை, அதனால 13, 14 தேதியில வளர்பிற நிலா சின்னதா இருந்துட்டு பத்து, பத்தரைக்கெல்லாம் மறைஞ்சிடும், அதுக்கப்புறம் விடியிற வரைக்கும் முழு இருட்டு. உச்சம் 14ஆம் தேதி சாயங்காலத்த ஒட்டி வருது, அதனால 14 ராத்திரி விடிஞ்சா 15ங்கிற ராத்திரிதான் என் கணக்குல மொத சாய்ஸ், 13 ராத்திரி அடுத்தது. உச்சம் தாண்டினா இந்த மழை சட்டுன்னு அடங்கிடும், 16ஆம் தேதி லீவு கெடைக்குதுன்னு அன்னிக்கு போகாதீங்க. இன்னொண்ணு, 2027 டிசம்பர் 13 பௌர்ணமி, அந்த வருஷம் நிலா வெளிச்சத்துல பாதிக்கு மேல அழிஞ்சிடும், ஆக 2026 விட்டுட்டா ரெண்டு வருஷம் காத்திருக்கணும்.

அதுக்கு முன்னாடி ஆகஸ்ட் 12, 13ல பெர்சீட்ஸ் வருது. இங்கிலீஷ் நியூஸ்ல இதத்தான் பெருசா எழுதுவாங்க, ஏன்னா ஐரோப்பா அமெரிக்காவுல அது கோடை காலம், வானம் தெளிவு, ரேடியன்ட் நல்ல ஒசரத்துல ஏறும். நமக்கு அப்படி இல்ல. அந்த ரேடியன்ட் ரொம்ப வடக்கால இருக்கு, வேலூர்ல பத்தரை மணிக்கு மேலதான் உதிக்கும், விடியுற நேரத்துக்கு 40 டிகிரி கிட்ட வந்து நிக்கும், அதுக்குள்ள வெளுத்துடும். அதோட ஆகஸ்ட் நம்ம ஊர்ல சாயங்காலம் இடி மின்னலோட மழை வர்ற மாசம், பகல் பூரா வெயில் காஞ்சு ராத்திரி எட்டுக்கு மேகம் கட்டிக்கும். ஆனா 2026ல ஒரு நல்ல விஷயம், ஆகஸ்ட் 12 ஆடி அமாவாசை, நிலாவே இல்ல. அதனால அன்னிக்கு ராத்திரி எதுக்கும் அலாரம் வெச்சு விடியக்காலம் மூணு மணிக்கு எழுந்து வானத்த ஒரு பார்வ பாருங்க, மழை பேஞ்சு ஓஞ்ச ராத்திரின்னா தூசி அடங்கி வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும், இருட்டான எடத்துல மணிக்கு 30, 40 வரைக்கும் வாய்ப்பு உண்டு. மேகமா இருந்தா திரும்ப படுத்துக்கோங்க. இதுக்காக வண்டி கட்டிக்கிட்டு மலைக்கு போகாதீங்கன்னுதான் சொல்வேன், நான் போயி நனஞ்ச தடவைங்கதான் அதிகம்.

இங்க யாரும் பெருசா பேசாத ஒண்ண சொல்றேன். மே 5, 6 தேதியில ஈட்டா அக்வாரிட்ஸ்னு ஒரு மழை, ஹாலி வால் நட்சத்திரம் 1986ல வந்துட்டு போச்சே, இனிமே 2061ல வரப்போகுதே, அதோட தூசி. இதோட ரேடியன்ட் கும்ப ராசியில, கிட்டத்தட்ட பூமத்திய ரேகைக்கு நேர் மேல இருக்கு. லண்டன் மாதிரி வடக்கத்தி ஊர்ல அது உதிச்ச கொஞ்ச நேரத்துல விடிஞ்சிடும், அதனால அவங்க எழுதுற கட்டுரையில இது சுமாரான மழைன்னு இருக்கும், அத அப்படியே மொழிபெயர்த்து நம்ம பேப்பர்லயும் போடுவாங்க. ஆனா வேலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கால 13 டிகிரியிலதான் இருக்கு, நமக்கு அது ராத்திரி ஒண்ணே முக்கால் மணி சுமாருக்கு உதிச்சு, நாலரைக்கு வானம் வெளுக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள 40 டிகிரி கிட்ட ஏறிடும். அதுக்கு மேல மே மாசம் மொத வாரம் அக்னி நட்சத்திரம் ஆரம்பிக்கிற நேரம், நம்ம ஊர்ல யாரு வீட்டுக்குள்ள படுப்பாங்க, எல்லாம் மொட்டமாடியிலதான். வானமும் பெரும்பாலும் சுத்தமா இருக்கும், கோடை மழை மேகம் வந்தாலும் ராத்திரி ரெண்டு மூணு மணிக்கெல்லாம் கலஞ்சிடுறத நெறைய தடவ பாத்திருக்கேன். எண்ணிக்க கம்மிதான், இருட்டான எடத்துல மணிக்கு 15, 20, டவுன்ல ரெண்டு மூணு. ஆனா செகண்டுக்கு 66 கிலோமீட்டர் வேகம், கண்ண மூடி தெறக்குறதுக்குள்ள வானத்துல பாதி தூரம் கோடு இழுத்துட்டு போகும், பின்னாடி பொகை மாதிரி ஒரு தடம் செகண்டு ரெண்டு செகண்டு நிக்கும். 2027 மே 6 சரியா அமாவாசை. ஸ்கூல் லீவு வேற. உங்க பொண்ணுக்கு இத கண்டிப்பா காட்டுங்க.

மத்தத சுருக்கமா முடிச்சிடுறேன். ஜனவரி 3, 4ல வர்ற குவாட்ரன்டிட்ஸ் எண்ணிக்கையில பெருசு ஆனா உச்சம் சில மணி நேரம்தான், அந்த நேரம் நமக்கு விடியக்காலமா அமையணும், ரேடியன்டும் வடக்கால. ஏப்ரல் 22 லைரிட்ஸ் சுமார். அக்டோபர் 21 ஓரியானிட்ஸ் அதுவும் ஹாலி தூசிதான், நல்ல மழை, ஆனா அப்போ வடகிழக்குப் பருவமழை பொறக்குற நேரம், வானம் கெடைக்கிறது அதிர்ஷ்டம். நவம்பர் 17 லியோனிட்ஸ் சாதாரண வருஷத்துல மணிக்கு 10, 15தான், 33 வருஷத்துக்கு ஒரு தடவ அதோட வால் நட்சத்திரம் வரும்போது கொட்டும், 1833லயும் 1966லயும் கொட்டின கொட்டு பேர் போனது, ஆனா அடுத்தது அப்படி கொட்டும்னு யாராவது உறுதியா சொன்னா நம்பாதீங்க. அப்புறம் யூடியூப்ல "இன்று இரவு வானத்தில் அதிசயம்"னு வருஷத்துல நாப்பது வாட்டி போடுறாங்க, தேதி மேல சொன்னதோட ஒத்து வரலன்னா விட்டுடுங்க.

சரி, எங்க போறது. ஏலகிரி நல்ல மலைதான், ஆனா அங்க இப்போ ரிசார்ட்டு, போட்டிங், கடைத்தெரு, எல்லாத்துலயும் ராத்திரி பூரா லைட்டு, கீழ ஜோலார்பேட்டை, வாணியம்பாடி வெளிச்சம் வேற மேல ஏறி வரும். குடும்பத்தோட தங்க வசதி, வானத்துக்கு நடுத்தரம். தங்குற எடத்துல மொட்டமாடி லைட்ட அணைக்க ஒத்துக்கிறாங்களான்னு முன்னாடியே கேட்டுட்டு போனா பரவாயில்ல.

காவலூர் பத்தி கொஞ்சம் நெறையவே சொல்லணும். ஒரு காலத்துல வட ஆற்காடு, அப்புறம் வேலூர் மாவட்டம், 2019லேர்ந்து திருப்பத்தூர் மாவட்டம்னு ஆயிடுச்சு, ஆனா ஜவ்வாது மலை அதே மலைதான். வைணு பாப்புன்னு ஒரு வானியல் விஞ்ஞானி இந்தியா பூரா நல்ல வானம் தேடி இந்த எடத்த தேர்ந்தெடுத்தாரு, ஹார்வர்டுல படிக்கும்போதே 1949ல ஒரு புது வால் நட்சத்திரத்த கண்டுபிடிச்சவரு அவரு. 1968ல 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்போட ஆரம்பிச்சு, 1972ல ஒரு மீட்டர் டெலஸ்கோப் வந்து, 1977ல யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருக்குன்னு தெரிஞ்சப்போ அத பதிவு பண்ண எடங்கள்ல காவலூரும் ஒண்ணு. 1986லேர்ந்து 2.34 மீட்டர் பெரிய டெலஸ்கோப் அவரு பேர்லயே இருக்கு. அவங்க இந்த எடத்த எடுத்ததுக்கு ஒரு காரணம் இருட்டு, இன்னொரு காரணம் 12 டிகிரியில இருக்குறதால வடக்கு வானம் தெற்கு வானம் ரெண்டையும் பாக்கலாம், மே மாச மழை நமக்கு ஏன் நல்லா தெரியுதுன்னு சொன்னேனே அதே காரணம். ஆனா சார், எரிநட்சத்திரம் பாக்க அப்சர்வேட்டரிக்கு போறது தப்பான எடத்துக்கு போறது. பொதுமக்கள சனிக்கிழமைங்கள்ல விடுவாங்க, அதுவும் முன்னாடியே கேட்டுட்டுத்தான் போகணும், விடிய விடிய உக்கார விட மாட்டாங்க, விடவும் கூடாது, அங்க ஆராய்ச்சி நடக்குது, நம்ம வண்டி ஹெட்லைட்டு கூட அவங்களுக்கு தொந்தரவு. சனிக்கிழமை பகல்ல பொண்ண கூட்டிட்டு போயி அந்தப் பெரிய டெலஸ்கோப்ப காட்டுங்க, அது தனி சந்தோஷம். எரிநட்சத்திரத்துக்கு வேற எடம் போங்க.

அந்த வேற எடம் உங்ககிட்டயே இருக்கு. ஒடுகத்தூர் தாண்டி உங்க மாமனார் வீட்டு நெலம் இருக்குன்னு எழுதியிருந்தீங்க, அத ஏன் யோசிக்காம ஏலகிரி, காவலூர்னு கேட்டீங்கன்னு தெரியல. ஜவ்வாது மலை அடிவாரம், தெக்கால மலை, அந்தப் பக்கம் பெரிய ஊர் இல்ல, வேலூர் வெளிச்சம் வடகிழக்கு அடிவானத்துல லேசா மஞ்சளா தெரியும், அதுக்கு முதுக காட்டி படுத்தா போதும். தெரிஞ்சவங்க நெலம், பக்கத்துல வீடு, பொண்ணுக்கு தூக்கம் வந்தா உள்ள படுக்க வைக்கலாம், பாத்ரூம் இருக்கு. என் அனுபவத்துல வானம் கொஞ்சம் நல்லா இருக்குற தெரியாத எடத்த விட கொஞ்சம் சுமாரா இருக்குற தெரிஞ்ச எடம் எவ்ளோவோ மேல். ஜமுனாமரத்தூர் ரோட்டுல வண்டிய ஓரம் கட்டிட்டு காட்டுக்குள்ள போயி படுக்குறவங்கள பாத்திருக்கேன், தயவு செஞ்சு அத பண்ணாதீங்க, அது ரிசர்வ் ஃபாரஸ்ட், ராத்திரி உள்ள போக அனுமதி கெடையாது, கரடி இருக்குற காடு.

படுக்க கயித்துக் கட்டில் மாதிரி ஒரு வசதி ஒலகத்துல கெடையாது. நின்னுக்கிட்டு பாத்தா பத்து நிமிஷத்துல கழுத்து வலிக்கும், தரையில பாய் போட்டா விரியன் பயம், அதோட மார்கழி பனி ஈரம் முதுகுல ஏறும். கட்டில்ல கம்பளி போத்திக்கிட்டு, தலைக்கு குல்லா, காதுக்கு மப்ளர், ஃப்ளாஸ்க்ல சுக்குக் காப்பி, கொசுவுக்கு ஏதாவது தடவிக்கிட்டு மல்லாந்து படுங்க. ரேடியன்டயே மொறச்சு பாக்க வேணாம், அதுக்கு பக்கத்துல வர்ற கோடுங்க குட்டையா இருக்கும், அதுலேர்ந்து கொஞ்சம் தள்ளி, தல உச்சிக்கும் அடிவானத்துக்கும் நடுவுல, எந்தப் பக்கம் இருட்டோ அந்தப் பக்கம் பாருங்க. கண்ணு இருட்டுக்கு பழக 20, 30 நிமிஷம் ஆகும், ஒரு தடவ போன் ஸ்கிரீன பாத்தா அந்த அரை மணி நேரமும் போச்சு, திரும்ப மொதல்லேர்ந்து. போன எல்லாரும் வீட்டுக்குள்ள வெச்சிட்டு வந்துடுங்க, மணி பாக்க பழைய வாட்ச் ஒண்ணு, டார்ச்சுக்கு மேல சிவப்பு கலர் கண்ணாடிப் பேப்பர ரெண்டு மடிப்பு சுத்தி ரப்பர் பேண்ட் போட்டுக்கோங்க. கொறஞ்சது ஒரு மணி நேரம் விடாம பாருங்க, எரிநட்சத்திரம் கூட்டமா வரும், அப்புறம் பத்து நிமிஷம் ஒண்ணுமே இருக்காது, அந்த பத்து நிமிஷத்துலதான் நெறைய பேரு எழுந்து போயிடுறாங்க.

டெலஸ்கோப்பும் வேணாம் பைனாகுலரும் வேணாம். டெலஸ்கோப்புல தெரியுறது வானத்துல ஒரு சின்ன வட்டம், எரிநட்சத்திரம் எங்க வரும்னு தெரியாது, அதுக்கு பரந்த பார்வ வேணும், அதுக்கு ரெண்டு வெறும் கண்ணுதான் சரியான கருவி. பொண்ணுக்கு ஆர்வம் இருந்தா அந்த காசுல நட்சத்திர வரைபடம் ஒண்ணு வாங்கி குடுங்க.

பாக்கும்போது ஒரு சந்தேகம் வரும், இது எரிநட்சத்திரமா பிளேனா சாட்டிலைட்டான்னு. எரிநட்சத்திரம் ஒரு செகண்டுக்குள்ள முடிஞ்சிடும், நீங்க "அதோ"ன்னு சொல்றதுக்குள்ள இருக்காது. சாட்டிலைட் மினுக்காம நிதானமா ரெண்டு மூணு நிமிஷம் நகரும். மினுக்கிக்கிட்டு போறது பிளேன், சென்னை பெங்களூர் பிளேன் எல்லாம் நம்ம தலைக்கு மேலதான் போகுது. வரிசையா முத்து கோத்த மாதிரி போனா அது இன்டர்நெட்டுக்கு விட்ட சாட்டிலைட் கூட்டம். இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோங்க, அன்னிக்கு தெரியுற எல்லாமே ஜெமினிட்ஸ் இல்ல, எந்த ராத்திரியும் மணிக்கு நாலஞ்சு சம்பந்தமில்லாத துகள் விழுந்துக்கிட்டே இருக்கும். கோட்ட பின்னாடி நீட்டிப் பாருங்க, புனர்பூசத்துல போயி முடிஞ்சா அது இந்த மழையோடது, இல்லன்னா வேற.

கடைசியா உங்க வீட்டுல பெரியவங்க பயப்படுறாங்கன்னு எழுதியிருந்தீங்க, நம்ம மேல விழாதா, நாட்றம்பள்ளியில ஒருத்தரு செத்தாரேன்னு. 2016 பிப்ரவரியில ஒரு காலேஜ் வளாகத்துல வெடிப்பு மாதிரி ஏதோ நடந்து பஸ் டிரைவர் ஒருத்தர் எறந்தது உண்மை, அது பெரிய துக்கம். விண்கல்னு அரசு தரப்புலயே அறிவிச்சாங்க. ஆனா படங்கள பாத்த நாசா விஞ்ஞானிங்க அது தரையில நடந்த வெடிப்பு மாதிரி தெரியுதுன்னு சொன்னாங்க, விண்கல்தான்னு உறுதி ஆகவே இல்ல. அது என்னவா இருந்தாலும் டிசம்பர் மழைக்கும் அதுக்கும் சம்பந்தம் கெடையாது, இந்த துகள்ங்க மேலயே எரிஞ்சு முடியுது. "அதோ அந்த புளியமரத்துக்கு பின்னாடி விழுந்துச்சு"ன்னு எல்லா ஊர்லயும் சொல்வாங்க, எங்க ஆயாவும் சொல்லும், பாத்தா ஒடனே பச்சை மரத்த பாருடான்னு தலைய திருப்பி விடும். உண்மையில மேற்கால 30 டிகிரி ஒசரத்துல நீங்க ஒரு எரிநட்சத்திரத்த பாத்தீங்கன்னா அது எரிஞ்ச எடம் சுமார் 170 கிலோமீட்டர் தள்ளி, அதாவது பெங்களூருக்கு மேல. கெழக்கால 40 டிகிரியில பாத்தா சென்னைக்கு மேல. உங்க பெரியவங்களுக்கு இத சொல்லுங்க, பயம் போயிடும், அவங்களையும் ஒரு கட்டில் போட்டு வெளிய படுக்க வைங்க.

மேகம் மட்டும் என் கையிலயும் இல்ல யாரு கையிலயும் இல்ல. டிசம்பர் நடுவுல வங்கக்கடல்ல ஒரு தாழ்வு மண்டலம் வந்தா எல்லா கணக்கும் போச்சு, அந்த மாதிரி வெறும் கையோட திரும்பின வருஷங்க என் நோட்டுல தேதி மட்டும் எழுதி காலியா இருக்கு. அதனாலதான் 13, 14 ரெண்டு ராத்திரியும் வெச்சுக்கோங்கன்னு சொன்னேன். 2026ல 13 ஞாயித்துக்கிழமை, 14 திங்கக்கிழமை, பரீட்சை நேரமா இருந்தாலும் பொண்ணு ஸ்கூல்ல முன்கூட்டியே ஒரு வார்த்த சொல்லி வைங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு சாட்டிலைட் மேகப் படத்த பாத்துட்டு கெளம்புங்க, ராத்திரி சாப்பாட்டுக்கே ஒடுகத்தூர் போயிடுங்க, பைக்ல பொண்ண வெச்சுக்கிட்டு நடுராத்திரி அந்த ரோட்டுல வராதீங்க, பனி எறங்கினா முன்னாடி மாடு நின்னா கூட தெரியாது. ஒம்பது மணிக்கு பொண்ண தூங்க வெச்சிட்டு பன்னெண்டரைக்கு எழுப்புங்க, ஒரு மணிலேர்ந்து மூணு மணி வரைக்கும் பாருங்க, ஒரு நோட்டும் பென்சிலும் அது கையில குடுங்க, பாக்குற ஒவ்வொண்ணுக்கும் நோட்ட பாக்காமலே ஒரு கோடு போட சொல்லுங்க, பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ மணிய எழுத சொல்லுங்க. விடிஞ்சதும் எண்ணிட்டு எத்தனைன்னு எனக்கு இங்கயே எழுதுங்க, என் நோட்டுல அந்த வருஷத்து கணக்குக்கு பக்கத்துலயே உங்க பொண்ணு எண்ணினதையும் சேத்து எழுதிக்கிறேன்.